உங்களை வாசலில் நிற்க வைத்தவன் எழுதுகிறேன்

டீச்சர்,

உங்கள் பிரிவு உபசார விழாவுக்கு நான் வரவில்லை. வேலை என்று தம்பியிடம் சொல்லி அனுப்பினேன். உங்கள் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை, அவ்வளவுதான்.

அந்த மே மாத மத்தியானம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. மும்பை தாராவியில், தொண்ணூறடி ரோட்டுக்குப் பின்னால் எங்கள் சந்தில் (எந்தச் சந்து என்று எழுதவில்லை, நம் ஆட்கள் படிப்பார்கள்) நீளப் பதிவேட்டைத் தலைக்குப் பிடித்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கி வந்தீர்கள். நம் மாநகராட்சிப் பள்ளியில் தமிழ் வழி ஒன்றாம் வகுப்புக்குப் பிள்ளைகள் போதவில்லை. உள்ளே டிவி மேல் மகளுக்குக் கட்டிய டொனேஷன் ரசீது கிடந்தது. உட்காரச் சொன்னால் பார்த்துவிடுவீர்களே என்று, எனக்கு 'அ' எழுதக் கையைப் பிடித்துச் சொல்லித்தந்தவரை, தண்ணீர்கூடக் கொடுக்காமல் வாசலிலேயே நிற்க வைத்து "யோசிச்சுச் சொல்றேன் டீச்சர்" என்றேன். நீங்கள் அவள் பெயரைப் பென்சிலால் எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனீர்கள்.

மன்னித்துவிடுங்கள். ஆனால் நானும் என்ன செய்ய? நான் படித்தபோது அங்கே தமிழ் ஏழாவதோடு முடிந்தது. எட்டாவதில் வேறு பள்ளியில் ஒரு வருடம் முழுக்க வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். என் மகளுக்கும் அது வேண்டுமா?

அப்புறம் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொண்டாலும் சரி. உங்கள் பிள்ளைகள் இரண்டு பேரும் எங்கே படித்தார்கள்? காலையில் அவர்களை கான்வென்ட் பஸ்ஸில் ஏற்றிவிட்டுத்தானே எங்களுக்குப் பாடம் நடத்த வந்தீர்கள்? வசதியுள்ளவர் பிள்ளையும் ஏழைப் பிள்ளையும் அக்கம்பக்கத்தில் ஒரே பொதுப்பள்ளியில் படிக்க வேண்டும் என்று, கல்வியைப் பற்றி ஆராய மத்திய அரசு அமைத்த கோத்தாரி குழு 1966லேயே சொல்லிவிட்டது. உத்தரப் பிரதேசத்தில் அரசுச் சம்பளம் வாங்குகிறவர்கள் தங்கள் பிள்ளைகளை அரசுத் தொடக்கப் பள்ளிக்கே அனுப்ப வேண்டும் என்று 2015ல் அலகாபாத் உயர் நீதிமன்றம் உத்தரவே போட்டது. யார் அனுப்பினார்கள்? நீங்களும் அனுப்பவில்லை, நானும் அனுப்பவில்லை. எழுதப் படிக்கத் தெரிந்து, சண்டை போடத் தெரிந்த பெற்றோர் எல்லோரும் கிளம்பிவிட்டால், குழாயில் தண்ணீர் வரவில்லை என்று அங்கே யார் போய்க் கேட்பது? கூலி வேலையை விட்டுவிட்டு வருகிற அம்மாவா?

எழுதிவிட்டேன், அழிக்க மாட்டேன். ஆனால் 2005 ஜூலை 26ல் வெள்ளம் வந்தபோது அந்தப் பள்ளிக்கூட மாடியில்தான் எங்கள் சந்தே படுத்திருந்தது. இட்லிக்காரர் வீடும் தோல் பட்டறைக்காரர் வீடும் ஒரே அறையில். விடிய விடியக் கைக்குழந்தைகளை மாற்றி மாற்றித் தூக்கி வைத்திருந்தீர்கள். மேலிடத்தோடு உங்களுக்கு நடந்ததை மட்டும் இங்கே எழுத மாட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். வருகிற ஜூனில் சின்னவனை நம் பள்ளியில்தான் சேர்க்கிறேன். ஆங்கில வழி வகுப்பில். தமிழ் இல்லையே என்று உங்களுக்கு வலிக்கும், தெரியும். எட்டு மொழியில் பள்ளி நடத்துகிற மாநகராட்சியில் நம் மொழி வகுப்பு இப்படிச் சுருங்கியதற்கு நானும் ஒரு காரணம். வீட்டில் இன்னும் சண்டை ஓயவில்லை, மாமியார் பேசுவதையே நிறுத்திவிட்டார். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறதே, அதில் பெயர் கொடுக்கப் போகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருப்பீர்களா? சின்னவனையும் கூட்டி வருகிறேன். கழிப்பறைக் கதவு, குடிதண்ணீர், காலியாக இருக்கும் டீச்சர் வேலை, இதில் எதை முதலில் எழுதிக் கொடுப்பது, யாரிடம் கொடுப்பது என்று உங்களைக் கேட்க வேண்டும்.