முதல் துப்பாக்கி: வாங்குவதா, நீயே பூட்டுவதா?

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தில் இரண்டு பட்டியல்கள் இருந்தன. ஒன்றில் கடையில் முழுமையாகக் கிடைக்கும் ஏ.ஆர்.-15 வகைத் துப்பாக்கிகள் இரண்டு. மற்றொன்றில் குழல் ஓரிடம், தோட்டாவை அறைக்குள் தள்ளி அடைக்கும் போல்ட் வேறிடம், விசை இன்னோரிடம் என்று வரவழைத்து நீயே பூட்டிக்கொள்ள நினைக்கும் துப்பாக்கியின் பாகங்கள். உன் மனம் இரண்டாவது பட்டியலில்தான் இருக்கிறது என்பதை, அதை நீ எழுதியிருக்கும் ஆர்வத்திலேயே கண்டுகொண்டேன். அந்த ஆர்வம் எனக்கு மகிழ்ச்சியே. ஆனாலும் முதல் துப்பாக்கியை முழுமையாக வாங்கு என்றுதான் சொல்வேன்.

சுடப் பழகும் தொடக்க மாதங்களில் குண்டு குறியை விட்டு விலகுவதற்கான காரணங்கள் பெரும்பாலும் உன்னிடமே இருக்கும்: விசையை அழுத்தாமல் வெடுக்கென்று இழுக்கும் விரல், அடக்கத் தெரியாத மூச்சு, ஒவ்வொரு முறையும் தண்டில் வேறு வேறு இடத்தில் பதியும் கன்னம், சத்தத்தை எதிர்பார்த்துச் சுருங்கும் தோள். நூறு கஜத்தில் ஐந்து குண்டுகள் ஆறு அங்குலத்துக்குச் சிதறின என்று வைத்துக்கொள். துப்பாக்கி நீ பூட்டியதாக இருந்தால், குழலை இறுக்கும் நட்டு தளர்ந்ததா, ஸ்கோப்பின் பிடி ஆடுகிறதா, குழலே சுமாரானதா, அல்லது உன் விரல்தானா என்று உன்னால் சொல்ல முடியாது. தொழிற்சாலையில் பூட்டிச் சுட்டுப் பார்த்து அனுப்பிய துப்பாக்கி என்றால், சந்தேகத்தைத் துணிந்து உன் பக்கம் திருப்பிக்கொள்ளலாம். கற்றுக்கொள்பவளுக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை.

இரண்டாவது காரணம், எந்தப் பாகம் உனக்கு வேண்டும் என்பது இன்று உனக்கே தெரியாது என்பது. குண்டைச் சுழலவைக்கும், குழலின் உட்புறத் திருகுவரியையே எடுத்துக்கொள். ஏ.ஆர்.-15இன் ராணுவ வகையாக முதலில் வந்த எம்-16 துப்பாக்கிகளில் குண்டு 12 அங்குலத்துக்கு ஒரு சுற்றுச் சுழன்றது. இன்று கிடைக்கும் குழல்களில் பெரும்பாலும் 7, 8 அல்லது 9 அங்குலத்துக்கு ஒரு சுற்று. நீ 55 கிரெய்ன் எடையுள்ள மலிவான குண்டுகளையே சுடப்போகிறாய் என்றால் 9 போதும். 600 கஜத்தில் கனமான 77 கிரெய்ன் குண்டுகளைச் சுட விரும்பினால் 8 அல்லது 7 வேண்டும். நீ எந்தத் தூரத்தில் சுடுவதை விரும்புவாய் என்பதை ஒரு பருவம் சுட்ட பிறகுதான் உணர்வாய். குழலின் நீளம், சுட்டதும் எழும் வாயுவைப் பின்னால் திருப்பிப் போல்ட்டை இயக்கும் வாயுக்குழாயின் நீளம், விசையின் கனம் எல்லாமே இப்படித்தான்.

இவற்றைவிட என்னைக் கவலைப்பட வைப்பது ஹெட்ஸ்பேஸ் என்னும் அளவு. போல்ட்டின் முகத்துக்கும், தோட்டாவின் தோள் போய் முட்டும் இடத்துக்கும் இடையிலான தூரம் அது. குறைவாக இருந்தால் போல்ட் பூட்டாது. அதிகமாக இருந்தால் பித்தளை உறை நீண்டு கிழிந்து, கொதிக்கும் வாயு உன் முகத்தருகே வெளியேறலாம். ஆர்மலைட் நிறுவனத்தில் யூஜின் ஸ்டோனர் 1950களில் உருவாக்கிய இந்த வடிவத்தின் பாகங்களை இன்று எண்ணற்ற நிறுவனங்கள் செய்கின்றன. அவை பெரும்பாலும் ஒன்றோடொன்று பொருந்தும். ஆனால் 'பெரும்பாலும்' என்ற சொல்லை நம்பி என் மகள் கன்னத்தை வைத்துச் சுட வேண்டாம். குழலையும் போல்ட்டையும் வெவ்வேறு இடங்களில் வாங்குகிறவர், 'கோ', 'நோ-கோ' என்ற, தோட்டா வடிவ அளவுத் துண்டுகளான இரண்டு கேஜ்களைக் கொண்டு, முன்னதில் போல்ட் பூட்டுவதையும் பின்னதில் பூட்டாமல் நிற்பதையும் தாமே பார்த்தாக வேண்டும். தெரியாதவர் துப்பாக்கி பழுது பார்ப்பவரிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

பணம் மிச்சமாகும் என்று எழுதியிருந்தாய். ஆகாது. இறுக்கத்தை அளந்து முடுக்கும் டார்க் ரெஞ்ச், துப்பாக்கியின் சட்டமான ரிசீவரைப் பிடித்து நிறுத்தும் கட்டை, முளை அடிக்கும் பஞ்ச்கள், கேஜ்கள் எல்லாம் உன் கணக்கில் விட்டுப்போயிருக்கின்றன. நம்பகமான நிறுவனங்களின் அடிப்படை மாதிரிகள் ஆயிரம் டாலருக்குள் உத்தரவாதத்தோடு கிடைக்கின்றன. பின்னாளில் விற்க நேர்ந்தாலும், பெயர் தெரிந்த நிறுவனத்தின் துப்பாக்கிக்குக் கிடைக்கும் விலை வீட்டில் பூட்டியதற்குக் கிடைப்பது அரிது.

சட்டத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் கூட்டரசுச் சட்டப்படி, வரிசை எண் பொறித்த கீழ்ச்சட்டமான லோயர் ரிசீவர்தான் துப்பாக்கி; மற்ற பாகங்கள் அஞ்சலில் வீட்டுக்கே வரும். ஆகவே எந்த வழியில் போனாலும் உரிமம் பெற்ற வணிகரிடம் 4473 எண் படிவத்தை நிரப்பிப் பின்னணிச் சோதனையைக் கடந்தாக வேண்டும். எண் பொறிக்காத அரைகுறை ரிசீவர்களின் பக்கமே போகாதே. கலிபோர்னியா, நியூயார்க், இல்லினாய், வாஷிங்டன் போன்ற மாநிலங்களில் இந்த வகைத் துப்பாக்கிக்குத் தடையோ கடுமையான கட்டுப்பாடோ இருப்பதால், வேலை மாறி மாநிலம் மாறும் எண்ணம் இருந்தால் அதையும் இப்போதே யோசி. என்னுடையதையே உனக்குக் கொடுத்துவிடலாம் என்று அம்மா சொன்னாள். நாம் வெவ்வேறு மாநிலங்களில் வசிப்பதால் அதுவும் ஒரு வணிகர் வழியாகத்தான் நடக்க வேண்டும்.

உன்னோடு தங்கியிருக்கும் தோழி ஹெச்-1பி விசாவில் இருக்கிறாள் என்பதை மறந்துவிடாதே. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் இல்லாமல், அத்தகைய விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. சுடுதளத்தில் சற்று நேரம் கையில் வாங்கிச் சுடுவதுகூட அவளுடைய குடியேற்ற நிலைக்கே ஆபத்தாக முடியலாம். துப்பாக்கிப் பெட்டகத்தின் சாவி உன் ஒருத்தியிடம் மட்டுமே இருக்கட்டும்.

கடைக்குப் போகும்போது இரண்டு இடங்களைக் கூர்ந்து பார். போல்ட்டைத் தாங்கி நகரும் போல்ட் கேரியரை வெளியே எடுத்துக் காட்டச் சொல். அதன் மேல் சிறு குழாய் போல ஒன்று இரண்டு திருகுகளால் இறுக்கப்பட்டிருக்கும். அந்தத் திருகுகளின் தலையோரத்தில் உலோகத்தைக் குத்தி நெரித்து, திருகு தானாகக் கழன்றுவிடாதபடி செய்திருக்க வேண்டும். மேலோட்டமான கீறல் போதாது, உலோகம் நகர்ந்து திருகின் பற்களில் ஏறியிருக்க வேண்டும். பின்தண்டைப் பிடித்து நிற்கும் காசில் நட்டிலும் அதே குத்து தெரிய வேண்டும். விலையைக் குறைக்கும் நிறுவனங்கள் பெரும்பாலும் இந்த இரண்டு இடங்களில்தான் சோம்பல்படுகின்றன. பிறகு குழலில் பொறித்திருக்கும் தோட்டா வகையைப் படி. 5.56 என்று இருந்தால் .223 தோட்டாவையும் அச்சமின்றிச் சுடலாம்; .223 என்று மட்டும் இருந்தால் 5.56 தோட்டாவைப் போடாதே, அழுத்தம் எல்லை மீறும். 300 பிளாக்அவுட் என்னும் வேறு வகைத் தோட்டாவை இந்தத் துப்பாக்கியின் அருகிலேயே வைக்காதே. அது இதே மேகசினில் அடங்கும், 5.56 அறைக்குள்ளும் சில நேரம் நுழைந்துவிடும்; சுட்டால் துப்பாக்கி வெடித்துச் சிதறும்.

முதல் நாள் சுடும்போது வெற்று உறைகள் எங்கே விழுகின்றன என்று பார். உன் வலப்பக்கத்திலோ, சற்றுப் பின்னாலோ குவிந்தால் வாயு அளவாக வருகிறது என்று பொருள். முன்னோக்கிப் பறந்தால் வாயு மிகுதி. சோர்ந்து காலடியில் விழுந்தால் குறைவு. பாகங்களை நீயே பூட்டும் நாளில் இந்தப் பார்வைதான் உனக்குக் கைகொடுக்கும்.

பூட்டும் ஆசை அடங்கவே அடங்காது என்றால் ஒரு நடுவழியை ஒத்துக்கொள்கிறேன். குழலும் போல்ட்டும் சேர்த்து ஒரே நிறுவனம் சோதித்து விற்கும் முழு மேல்பகுதியை வாங்கிக்கொண்டு, கீழ்ப்பகுதியை மட்டும் நீ பூட்டு. அங்கே நேரும் பிழை பெரும்பாலும் விசை வேலை செய்யாமல் போவதில் முடியும். என்றாலும் தோட்டா போடுவதற்கு முன் சேஃப்டியும் விசையும் ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று தெரிந்த ஒருவரை வைத்துச் சோதித்துக்கொள். உண்மையில் சிறு தோட்டா சுடும் .22 துப்பாக்கி ஒன்றை முதலில் வாங்கி, அதன் மலிவான தோட்டாக்களை மனம் நிறையச் சுட்டுப் பழகுவதுதான் எல்லாவற்றிலும் சிறந்தது என்பது என் எண்ணம். நீ கேட்கமாட்டாய் என்று தெரிந்தும் எழுதுகிறேன்.

எதை வாங்க முடிவு செய்தாலும் பணம் கட்டுவதற்கு முன் அதன் மாதிரிப் பெயரையும், குழலில் பொறித்திருப்பதன் படத்தையும், நான் சொன்ன இரண்டு இடங்களின் படத்தையும் எனக்கு அனுப்பு. வாங்கிய பின் துப்பாக்கியை முழுவதும் கழற்றித் துடைத்து எண்ணெய் இட்டு மாட்டுவதைத் தொலைபேசிக் காணொளியில் சேர்ந்தே செய்வோம். அதற்கு ஒரு ஞாயிறு காலையை ஒதுக்கி வை.

அன்புடன்,
அப்பா