தேடிப் பார்த்துவிட்டுச் சொல்வோம் என்று இருக்காதீர்கள்

ஆசிரியர் அவர்கட்கு,

நல்லூர்க் கந்தசுவாமி கோயில் கொடியேற்றம் நெருங்குகிறது. திருவிழாவின் 25 நாளும் பிள்ளையைத் தவறவிட்டவர்களைக் கூப்பிடும் அறிவித்தல் ஒலிபெருக்கியில் கேட்கத்தான் போகிறது. அதைப்பற்றிச் சொல்ல முன், கோயிலுக்கு வெளியே ஒரு பிள்ளை காணாமற் போனால் எங்கள் ஊரில் நேரம் எப்படி வீணாகிறது என்பதைச் சொல்லவேண்டும்.

"24 மணித்தியாலம் போகாமல் பொலிஸில் முறைப்பாடு எடுக்கமாட்டார்கள்" என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். அப்படி ஒரு சட்டம் இல்லை. அடுத்தது மானம். அதிலும் பெண்பிள்ளை என்றால், ஊர் கதைக்கும் என்று பயந்து மாமி வீடு, சித்தி வீடு, சிநேகிதி வீடு என்று இரவு முழுக்கச் சத்தமில்லாமல் தேடுவார்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து தரைவழியாக வெளியேறப் பிரதானமாக இரண்டே வழிதான்: ஆனையிறவு, சங்குப்பிட்டிப் பாலம். பட்டணத்திலிருந்து ஆனையிறவுக்கு பஸ்ஸில் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட. நேரத்தோடு சொன்னால் அந்த இரண்டு வழியையும் பஸ் நிலையத்தையும் புகையிரத நிலையத்தையும் பொலிஸ் பார்க்கலாம். பின்னேரம் ரியூசனுக்குப் போன பிள்ளை இரவு பஸ்ஸில் ஏறியிருந்தால், நீங்கள் விடிய முறைப்பாடு கொடுக்கும்போது அது கொழும்பில் இறங்கிவிட்டிருக்கும்.

சின்னப் பிள்ளையென்றால் முதலில் பார்க்கவேண்டியது கிணறு. சொந்த வளவுக் கிணறு, பக்கத்து வளவுக் கிணறு, வெளிநாட்டுக்காரரின் ஆளில்லா வீட்டில் பற்றை மூடிக் கிடக்கும் கிணறு, கட்டில்லாத தோட்டக் கிணறு, கோயில் கேணி, மூடி உடைந்த மலகூடக் குழி. வெயில் நேரம் கண்ணாடியால் ஒளி அடித்துப் பார்த்தால் அடி தெரியும். இரவில் ரோர்ச் வேண்டும். வாய் பேசாத பிள்ளைகளும் ஓட்டிசம் உள்ள பிள்ளைகளும் தண்ணீரை நாடிப் போவது அதிகம். கூப்பிட்டால் பதில் வராது. இரண்டு பேர் கிணறுகளைப் பார்க்கும்போதே இன்னொருவர் கட்டிலுக்குக் கீழ், அலுமாரி, நிற்கும் வாகனம் எல்லாம் பார்க்கட்டும். ஒருவர் தொலைபேசியுடன் வீட்டைவிட்டு அசையக்கூடாது. அதே நேரத்தில் பொலிஸ் அவசர இலக்கமான 119க்கு அழையுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் 1929.

பொலிஸ் நிலையத்தில் சிறுவர், மகளிர் பிரிவைக் கேளுங்கள். முறைப்பாட்டைத் தமிழில் எழுதும்படி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லிவிட்டுத்தான் ஒப்பமிடவேண்டும். முறைப்பாட்டு இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பெயரில்தான் பெரிய சிக்கல். 'தமிழினி' ஆங்கிலத்தில் 'ரி'யோடு நிற்குமா, பின்னால் 'எச்' வருமா? பிறப்புச் சான்றிதழில் உள்ளபடி கொடுங்கள். இல்லாவிட்டால் வேறு மாவட்டத்தில் தேடுபவர் வேறொரு பெயரைத் தேடிக்கொண்டிருப்பார். வீட்டில் கூப்பிடும் பெயரையும் சொல்லுங்கள். படம் அண்மையில் எடுத்ததாக இருக்கட்டும். சாமத்தியச் சடங்கில் சேலையும் மேக்கப்பும் போட்ட அல்பப் படத்தைப் பார்த்து, ரியூசன் பையோடு நிற்கும் பிள்ளையை ஒருவரும் அடையாளம் காணமாட்டார்கள்.

இனிக் கோயில். மேற்சட்டையில்லாமல் வேட்டியோடு நிற்கும் ஆறு வயதுப் பையன்கள் எத்தனை பேர்! "வெள்ளை வேட்டி" என்ற அடையாளம் அங்கே எடுபடாது. வீட்டு வாசலிலேயே கைத்தொலைபேசியில் முழு உருவமாக ஒரு படம் எடுங்கள். மறு, தழும்பு, கையில் கட்டிய நூலின் நிறம் எல்லாம் நினைவிருக்கட்டும். முன்கையின் உட்புறத்தில் பேனையால் உங்கள் தொலைபேசி இலக்கத்தை எழுதி, மேலே ஒளிபுகும் ரேப் ஒட்டுங்கள். வெறுமனே எழுதினால் வியர்வையிலும் சந்தனத்திலும் அழிந்துவிடும். பெயரை எழுதவேண்டாம், பெயர் சொல்லிக் கூப்பிடுபவரோடு பிள்ளை போய்விடும். தேர் நாளில் சனத்துக்குள் தொலைபேசி மணி கேட்காது, இணைப்பும் கிடைக்காது. ஆகவே இரண்டாவதாக வீட்டில் இருப்பவரின் இலக்கத்தையும் எழுதுங்கள். கனடா, பிரான்ஸிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு ஒலிபெருக்கித் தமிழ் விளங்காமற் போகலாம். அவர்களோடு சந்திக்கும் இடமொன்றை முதலே காட்டி வையுங்கள்.

அறிவித்தல் செய்யும் தொண்டர்களுக்கு ஒன்று. கிடைத்த பிள்ளையின் பெயர், உடுப்பு, வயது எல்லாவற்றையும் ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டால், யாரும் வந்து அதையே ஒப்புவித்துப் பிள்ளையைக் கேட்கலாம். ஓர் அடையாளத்தையாவது சொல்லாமல் வைத்திருங்கள். வந்தவர் அதைச் சொல்லட்டும், தன் தொலைபேசியில் பிள்ளையோடு நிற்கும் படத்தையும் காட்டட்டும்.

பள்ளிக்கூடங்களுக்கும் ரியூட்டரிகளுக்கும்: பிள்ளை வரவில்லை என்று காலையில் இடாப்புக் கூப்பிடும்போதே தெரிந்தது, பள்ளி விட்ட பிறகுதான் தாய்க்குத் தெரியவருகிறது. ஒரு குறுஞ்செய்தி போதுமே.

வட்ஸ்அப்பில் படம் போடுவோர் திகதி, நேரம், பொலிஸ் நிலைய இலக்கம் மூன்றையும் படத்தின் மேலேயே எழுதவேண்டும். கீழே எழுதியது அடுத்தவர் அனுப்பும்போது கழன்றுவிடும். வீட்டுத் தொலைபேசி இலக்கத்தைப் போட்டால், "பிள்ளை என்னிடம் இருக்கு, காசு போடுங்கோ" என்று ஏமாற்றுக்காரர் எடுப்பார்கள். பிள்ளை கிடைத்ததும் போட்ட எல்லா இடத்திலும் "கிடைத்துவிட்டார்" என்று எழுதிப் படத்தை எடுத்துவிடுங்கள்; பொலிஸுக்கும் அறிவியுங்கள். எங்கே போனாய், யாரோடு போனாய் என்ற விசாரணையைச் சுற்றி நிற்கும் சனத்துக்கு முன்னால் வைக்கவேண்டாம். தண்ணீர் கொடுங்கள், காயம் இருக்கிறதா என்று பாருங்கள்.

இப்படிக்கு,
சிறுவர் நலத் தொண்டர்கள் சிலர்,
யாழ்ப்பாணம்.