ஞாயிறு மாலைக் கூட்டம்: விருப்பமுள்ளோர் கவனத்திற்கு

அஸ்தம்பட்டி குடியிருப்போர் அனைவருக்கும் வணக்கம்.

குடிப்பழக்கத்திலிருந்து மீள விரும்புவோரை, வரும் ஞாயிறு மாலை 5 மணிக்கு நம் ஊரில் நடைபெறும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (குடியிலிருந்து மீள ஒருவருக்கொருவர் துணைநிற்போரின் அமைப்பு) கூட்டத்திற்கு அழைத்துச் செல்கிறோம். 1935-இல் அமெரிக்காவில் தொடங்கிய இந்த அமைப்பில் சேரக் கட்டணம் கிடையாது. குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே போதும்.

1. இது திறந்த கூட்டம் என்பதால் குடும்பத்தாரும் உடன் வரலாம்.

2. முதல் நாளே பேச வேண்டிய கட்டாயமில்லை. சென்ற மாதம் நான் துணைக்குச் சென்ற ஒருவர், செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே வெகுநேரம் நின்றுவிட்டு, பிறகு கடைசி நாற்காலியில் அமர்ந்து, டீ டம்ளரை நடுங்கும் இரு கைகளாலும் பிடித்தபடி மற்றவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். இப்போது வாரந்தோறும் தாமாகவே செல்கிறார்.

3. தினமும் அதிகமாகக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் வரக்கூடும். எனவே முதலில் மருத்துவரைப் பார்ப்பது அவசியம். கூட்டம் சிகிச்சைக்கு மாற்றாகாது. ஆலோசனைக்குக் கட்டணமில்லா எண் 14446.

4. ஏற்காட்டிலிருந்து வருவோர் இரவில் மலையேற வேண்டாம். தங்க இடம் ஏற்பாடு செய்கிறேன்.

வர விரும்புவோர் சனிக்கிழமை இரவு 8 மணிக்குள் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். கூடும் இடத்தைத் தனியாகவே தெரிவிக்கிறேன். இக்குழுவில் பதில் எழுத வேண்டாம். யார் வருகிறார்கள் என்று யாரும் விசாரிக்கவும் வேண்டாம் எனப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.