சத்தத்தை எண்ணிவிட்டு ஸ்பேனரை எடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

‘ஓடும்போது பைக்கின் பின்பக்கம் டக் டக் என்று அடிக்கிறது, என்ன செய்யலாம்?’ என்று வாசகர் ஒருவர் கேட்டதற்கு, ‘செயின் செட்டை மாற்றிவிடுங்கள்’ என்று உங்கள் வாகனப் பக்கத்தில் ஒரே வரியில் பதில் வந்திருந்தது. செயின் செட் (செயினும், அது ஓடும் முன், பின் பல் சக்கரங்களான ஸ்பிராக்கெட்டுகளும்) காரணமாக இருக்கலாம்தான். ஆனால் பின் சக்கரத்தின் நடுவில் அதிர்வு தாங்க வைத்திருக்கும் கப்ளிங் ரப்பர் நசுங்கிப்போனாலும் அதே சத்தத்தைத் தரும். பல் உடைந்த கியரும் தரும். பின் பிரேக் தட்டு சுற்றிவிடாமல் பிடித்திருக்கும் டார்க் ராடில் கழன்று நிற்கும் ஒரு நட்டும் தரும். அந்த ‘டக்’ எத்தனை சுற்றுக்கு ஒருமுறை வருகிறது என்று எண்ணாமல் பாகம் வாங்கக் கிளம்புவது வீண் செலவு.

முதலில் சத்தம் இன்ஜினிலா, அதற்குப் பின்னாலா என்று பிரித்துவிட வேண்டும். வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் ஆக்ஸிலரேட்டரை முறுக்குங்கள். அப்போதே வந்தால் இன்ஜின் பக்கம், அல்லது கிளட்ச். கிளட்ச் லீவரைப் பிடித்ததும் அடங்கினால் பெரும்பாலும் கிளட்ச் ஹவுசிங்கின் ஸ்பிரிங்குகள் தளர்ந்திருக்கும். நிற்கும்போது ஒன்றுமில்லை, ஓடும்போதுதான் என்றால், ஆளில்லாத சாலையில் 30 கி.மீ. வேகத்தில் கிளட்சைப் பிடித்து, இன்ஜினை ஐடிலில் விட்டு வண்டியை உருளவிடுங்கள். வேகம் குறையக் குறைய சத்தமும் இடைவெளி விட்டு மெதுவானால், கோளாறு சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் ஏதோ ஒன்றில்தான். கிளட்சைப் பிடித்ததும் அடியோடு நின்றுவிட்டால் இழுவை விழும்போது மட்டும் வரும் சத்தம் அது. ஒரே ஒரு கியரில் மட்டும் வருகிறதென்றால் அந்தக் கியர் ஜோடியைச் சந்தேகிக்கலாம். ஆயிலை வடித்துப் பாருங்கள். ஆயில் வடிக்கும் டிரெய்ன் போல்ட்டில் மை போலப் படிந்திருப்பது வழக்கமான தேய்மானம். விரலில் குத்தும் துண்டு வந்தால் கியர்பாக்ஸைப் பிரிக்காமல் வழியில்லை.

இனி எண்ணும் வேலை. இன்ஜினை அணைத்து, சென்டர் ஸ்டாண்டில் நியூட்ரலில் நிறுத்துங்கள். டயரில் ஒரு சாக்பீஸ் கோடு, செயினில் ஒரு கண்ணியில் ஒரு கோடு போட்டு, பின் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். முன் ஸ்பிராக்கெட் 14 பல், பின் ஸ்பிராக்கெட் 42 பல், செயின் 120 கண்ணி என்று வைத்துக்கொள்வோம். சக்கரம் ஒரு சுற்று வந்தால் முன் ஸ்பிராக்கெட் 3 சுற்று சுற்றியிருக்கும். செயினோ ஒரு முழுச் சுற்று வர சக்கரம் கிட்டத்தட்ட 3 சுற்று (சரியாகச் சொன்னால் 2.86) போக வேண்டும். ஆகவே சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு ஒரு ‘டக்’ என்றால் பின் ஸ்பிராக்கெட்டின் கோணல் பல், கோணிய பிரேக் டிஸ்க், நீள்வட்டமாகிப்போன பிரேக் டிரம் என்று சக்கரத்தோடு சுற்றுபவற்றைப் பாருங்கள். ஒரு சுற்றுக்கு மூன்று வந்தால் முன் ஸ்பிராக்கெட், அல்லது அது உட்கார்ந்திருக்கும் ஷாஃப்ட். சாக்பீஸ் போட்ட கண்ணி ஒவ்வொரு முறையும் அதே இடத்துக்கு வரும்போது அடித்தால் குற்றவாளி செயின்தான். உங்கள் வண்டியின் பல் எண்ணிக்கை வேறாக இருக்கும், கணக்கு ஒன்றே.

விறைத்துப்போன கண்ணி ஒன்று இருந்தால் ஒரு செயின் சுற்றுக்கு இரண்டு முறை அடித்து நம்மைக் குழப்பும். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. முன்னால்தான் பலமாகக் கேட்கும். 14 பல்லில் ஒரு கண்ணி ஏறக்குறைய 26 டிகிரி மடங்க வேண்டும், 42 பல்லில் 9 டிகிரிகூட இல்லை. கீழ்ப்பக்கச் செயினில் நேராகாமல் முறுக்கிக்கொண்டு நிற்கும் கண்ணியைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். செயினின் இரு முனைகளையும் இணைக்கும் கிளிப் போட்ட கண்ணியான செயின் லாக்கையும் அப்போதே கவனியுங்கள். கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்த்திருக்க வேண்டும்.

ஆக்ஸிலரேட்டரை விட்டுப் பிடிக்கும்போது மட்டும் ‘டொக்’ என்று ஒரு அடி விழுந்தால் கதை வேறு. அது ஆட்டம். எங்கே ஆட்டம் என்று தெரிய, இன்ஜின் அணைந்தபடியே கியரைப் போட்டு, பின் டயரைக் கையால் முன்னும் பின்னும் ஆட்டுங்கள். கண் பின்னாலிருந்து முன்னால் போகட்டும். டயர் நகர்ந்து, பின் ஸ்பிராக்கெட் நகராமல் நின்றால் கப்ளிங் ரப்பர் போய்விட்டது. பின் ஸ்பிராக்கெட் நகர்ந்து, முன் ஸ்பிராக்கெட் நகராவிட்டால் செயின் தொய்வு. முன் ஸ்பிராக்கெட் நகர்ந்து, அதன் நடுவில் தெரியும் ஷாஃப்ட் முனை நகராவிட்டால் இரண்டையும் கோத்துப் பிடிக்கும் காடி தேய்ந்திருக்கிறது. ஷாஃப்டும் சேர்ந்து கொஞ்சம் நகர்கிறதா? கியர்களுக்குள் அந்த அளவு இடைவெளி எல்லா வண்டியிலும் இருக்கும், பதற வேண்டாம்.

கப்ளிங் ரப்பர் இத்தனை பெரிய சத்தம் போடும் என்று பலர் நம்புவதில்லை. இன்ஜினின் உதறலை வாங்கிக்கொள்ளத்தான் பின் ஹப்புக்குள் அதை வைத்திருக்கிறார்கள். நசுங்கியதும் இரும்பும் அலுமினியமும் நேருக்கு நேர் மோதுகின்றன. புது ரப்பர் கையால் அழுத்தித் திணிக்கும்படி இறுக்கமாக உட்கார வேண்டும். வழுக்கலுக்குச் சோப்புத் தண்ணீர் போதும். கிரீஸோ ஆயிலோ பட்டால் ரப்பர் ஊதிப்போகும். சைக்கிள் டியூப்பை வெட்டிச் சந்தில் சொருகுவது புது ரப்பர் கிடைக்கும்வரைக்கும்தான்.

செயின் செட் மாற்றித்தான் ஆக வேண்டுமா என்பதை அளந்தே சொல்லலாம். 428 அளவுச் செயினில் ஒரு கண்ணி 12.7 மி.மீ. இழுத்துப் பிடித்து 20 கண்ணிக்கு அளந்தால், புதிதில், கண்ணிகளைக் கோக்கும் ஆணியிலிருந்து ஆணிக்கு 254 மி.மீ. இருக்கும். அது 259-ஐத் தொட்டுவிட்டால் பேச்சே இல்லை, மாற்றுங்கள். சில கம்பெனிகள் அதற்கு முன்பே மாற்றச் சொல்கின்றன, கையேட்டைப் பாருங்கள். மாற்றும்போது செயின், இரண்டு ஸ்பிராக்கெட் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். கொக்கி போல வளைந்த பழைய பல்லில் புதுச் செயினைப் போட்டால் அதுவும் சீக்கிரமே கெட்டுவிடும்.

சத்தம் வருகிறதென்று செயினை வீணைத் தந்தி போல இழுத்துக் கட்டுவது இன்னொரு தவறு. ஆள் ஏறியதும், பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் மேலே போகும். முன் ஸ்பிராக்கெட், ஸ்விங் ஆர்ம் போல்ட், பின் ஆக்ஸில் மூன்றும் ஒரே கோட்டுக்கு வரும்போது செயின் மிக இறுக்கமாகிறது. தொய்வு இல்லாவிட்டால் அந்த இழுப்பு முழுவதும் கியர்பாக்ஸ் ஷாஃப்ட் பேரிங்கின் தலையில்தான் விழும். பல சாதாரண பைக்குகளுக்கு 20 முதல் 30 மி.மீ. வரை தொய்வு சொல்லியிருப்பார்கள். சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி, செயின் மிக இறுக்கமாக இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து அங்கே அளக்க வேண்டும். தொய்ந்த இடத்தில் அளந்தால் ஏமாந்துவிடுவோம்.

பிரேக் பிடிக்கும்போது மட்டும் அடித்தால் டார்க் ராட் நட்டையும் அதன் ஆணியையும் பாருங்கள். வளைவிலும் பள்ளத்திலும் அடித்தால், டயரை மேலும் கீழும் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். சக்கரம் மட்டும் ஆடினால் வீல் பேரிங், ஸ்விங் ஆர்மும் சேர்ந்து ஆடினால் ஸ்விங் ஆர்ம் போல்ட்டின் புஷ்.

ஒன்று விட்டுப்போனது. வண்டியை ஸ்டாண்டில் போட்டு, இன்ஜினை ஓடவிட்டு, கியரில் வைத்தபடி துணியால் செயினைத் துடைப்பவர்கள் இருக்கிறார்கள். துணி பல்லில் சிக்கினால் கையை இழுக்க நேரம் கிடைக்காது, விரல் போய்விடும். செயின் பக்கம் குனியுமுன் சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். கையால் சுற்றும் வேகத்தில்தான் ‘டக்’கை எண்ணவும் முடியும்.

இப்படிக்கு,
இரு சக்கர வாகன மெக்கானிக் ஒருவர்