கச்சான் அடிக்கிற நாளில் கொண்டு வா

உப்புவெளி,
திருகோணமலை.
ஆனி மாதம்.

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் வந்து ஒரு கிழமையாகிவிட்டது. அம்மாவின் திவசம் வந்ததால் வீடு முழுக்கச் சனம், இருந்து எழுத முடியவில்லை. எல்லாரும் சுகம். சின்னவள் ஏ.எல். எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கிறாள். தென்மேற்கிலிருந்து வருகிற வறண்ட காற்றான கச்சான் தொடங்கிவிட்டது. பகலில் காற்று நெருப்பாக வீசுகிறது, ஆனால் கரையோரக் கடல் குளம் மாதிரிக் கிடக்கிறது. நிலாவெளிப் பக்கம் வள்ளக்காரருக்கு நல்ல உழைப்பு, அதனால் எனக்கும் வள்ளங்களுக்கு ஒட்டுப் போடுகிற வேலை நிறைய.

உன் மகன் களனி கங்கைக் கரையில் கித்துல்கலயில் சொந்தமாக ராஃப்டிங், அதாவது காற்றடைத்த வள்ளத்தில் ஆட்களை ஆற்றுப் பாய்ச்சலில் கொண்டுபோகிற தொழில், தொடங்கப்போகிறான், எந்த வள்ளம் வாங்குவதென்று என்னைக் கேட்கச் சொன்னான் என்று வாசித்ததும் இங்கே டச் பே கடற்கரையில் நடந்ததுதான் முதலில் ஞாபகம் வந்தது. எட்டாம் வகுப்பு படிக்கிற காலம். லொறி ரியூப்பில் நீயும் நானும் அலைக்கு வெளியே போனோம். புஸ் என்று ஒரு சத்தம். உன் தலை ஒருதரம் தெரிந்தது, பிறகு தெரியவில்லை. கரைவலை இழுத்துக்கொண்டு நின்றவர்கள் பாய்ந்திராவிட்டால் இன்றைக்கு இந்தக் கடிதம் இல்லை. அந்த ரியூப்புக்கு ஒட்டுப் போட்டது நான். ஈரம் காயமுதல் அவசரத்தில் ஒட்டினேன். நீ அதை ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. நான் மறந்ததும் இல்லை. கடல்கோளுக்குப் பிறகு ரப்பர் வள்ளங்கள் திருத்தும் வேலையைப் பழகிய நாளிலிருந்து, ஒரு ஒட்டையும் நான் அவசரமாகப் போடவில்லை.

அதனால் உன் மகனுக்கு முதலில் சொல்ல வேண்டியது அறைகளைப் பற்றி. லொறி ரியூப்புக்கு ஒரே அறை. ஆற்று ராஃப்டைச் சுற்றி வருகிற பெரிய குழாய் உள்ளே தடுப்புகளால் பிரிக்கப்பட்டிருக்கும், பெரும்பாலும் நாலு அறை. குறுக்கே கிடக்கிற குழாய்களும் தரையும் வேறுவேறு. ஒன்று கிழிந்தாலும் மற்றவை ஆட்களைக் கரைக்குக் கொண்டுவரும். ஆனால் அந்தத் தடுப்பு உள்ளே விட்டுப்போயிருந்தால் வெளியே தெரியாது. பாவித்த வள்ளம் பார்க்கப் போனால், மற்ற அறைகளை வெறுமையாக விட்டு ஒரு அறைக்கு மட்டும் காற்று அடிக்கச் சொல். பக்கத்து அறை மெல்ல உப்பத் தொடங்கினால், வேறு ஒன்றும் பார்க்காமல் வீட்டுக்கு வரலாம்.

தரை விஷயத்தில் காசு பார்க்க வேண்டாம். தரை தானே தண்ணீரை வெளியேற்றுகிற வகையாக இருக்க வேண்டும். காற்றடைத்த தரை ஆற்று மட்டத்துக்கு மேலே நிற்கும். ஓரத்தில் கயிறு கோத்த இடைவெளியால் உள்ளே விழுந்த தண்ணீர் ஓடிவிடும். பழைய வகையில் வாளியால் அள்ளி ஊற்ற வேண்டும். ஒரு பாய்ச்சலில் 300 லீற்றர் உள்ளே வந்தால் 300 கிலோ பாரம் ஏறிவிட்டது என்று அர்த்தம். அந்தப் பாரத்தோடு அடுத்த பாறைக்கு முன்னால் வள்ளத்தைத் திருப்ப எந்தத் துடுப்பாலும் ஏலாது. தரையில் மிஞ்சின காற்றைத் தானே விடுகிற வால்வு இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்.

அளவு 13, 14 அடி போதும். ஆறு பேரும் வழிகாட்டியும் இருக்கலாம். களனி கங்கை அந்த இடத்தில் அகன்ற ஆறு இல்லை, பாறைகளுக்கிடையே வளைய வேண்டும். இரண்டு முனையும் நன்றாக மேலே வளைந்திருந்தால் வள்ளம் கெதியாகத் திரும்பும்.

இனி அவன் எழுதியிருந்த மூன்று வள்ளங்கள். மலிவாகக் கிடைக்கிற அந்தப் புது பிவிசி பிளாஸ்டிக் வள்ளத்தை வாங்க வேண்டாம். பிவிசி கூடாது என்று நான் சொல்லவில்லை. பொருத்துகளைச் சூட்டில் உருக்கி ஒன்றாக்கிய பிவிசி நல்ல சாமான். பாறையில் ஏறினாலும் வழுக்கி இறங்கும், ஆற்றில் விறைப்பாக நிற்கும். ஆனால் அவன் அனுப்பிய படத்தில் பொருத்துகள் பசையால் ஒட்டியவை. ஓரத்தில் பசை வழிந்த கோடு தெளிவாகத் தெரிகிறது. நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவுக்கு ஆட்களைக் கொண்டுபோக நானும் அப்படி ஒன்றை வாங்கினேன். விற்றவர் ஐந்து வருடத்துக்கு ஒன்றும் ஆகாது என்றார். இரண்டாவது சீசனில் ஒரு மத்தியானம், வெயிலில் கிடந்த வள்ளத்தின் பொருத்தில் நகத்தை வைத்து நெம்பினேன். பட்டி அப்படியே உரிந்து வந்தது. அடியில் பசை மஞ்சளாகி, பலாப்பால் மாதிரி நூல் நூலாக இழுபட்டது. பிவிசியை மெதுவாக்கச் சேர்க்கிற எண்ணெய்த்தன்மை சூட்டில் கசிந்து பசையை இளக்கிவிடும். அன்றைக்குக் காலையில்தான் ஒரு குடும்பத்தை, கைக்குழந்தையோடு, அதில் ஏற்றிக் கொண்டுபோய் வந்திருந்தேன். இரவு முழுக்க நித்திரை வரவில்லை.

மற்ற இரண்டில், நானென்றால் அந்தப் பாவித்த ஹைப்பலோன் வள்ளத்தைத்தான் போய்ப் பார்ப்பேன். அது வெயிலுக்கு அசையாத ரப்பர், மடித்தால் சிறிதாகும், கையாலேயே ஒட்டலாம். டூபொன்ட் கொம்பனி அதைச் செய்வதை 2010 அளவில் நிறுத்திவிட்டது. அதே வகை ரப்பரை வேறு ஆலைகள் செய்கின்றன, பெயர் மட்டும் அப்படியே நிலைத்துவிட்டது. அதனால் பெயரை நம்பாமல் வள்ளத்தின் ரப்பர் பூசிய துணியைப் பார்க்க வேண்டும். அடிப்பக்கம் ரப்பர் தேய்ந்து உள்நூல் தெரிகிறதா? கயிறு கட்டுகிற வளையங்களைப் பிடித்திருக்கிற வட்ட ஒட்டுகளின் விளிம்பு கிளம்பியிருக்கிறதா? இரண்டும் இல்லையென்றால், பின்னேரம் காற்று அடித்து, பொருத்துகளிலும் வால்வுகளிலும் சவர்க்காரத் தண்ணீர் பூசி, குமிழி வருகிறதா என்று பார்த்துவிட்டு இரவு முழுக்க விடுங்கள். விடியக் கொஞ்சம் தளர்ந்திருந்தால் பயப்பட வேண்டாம், குளிரில் காற்று சுருங்கும். வெயில் ஏற மறுபடி இறுகினால் வள்ளம் சரி.

காற்று அளவையும் சொல்லிவிடுகிறேன். குழாய்களுக்கு 2 முதல் 2.5 பிஎஸ்ஐ அழுத்தம் போதும். மோட்டார் சைக்கிள் ரயருக்கு 30 அடித்துப் பழகிய கை இதை நம்பாது, இன்னும் இன்னும் என்று அடிக்கும். அளவுமானி இல்லாமல் அடிக்க விடாதே. மத்தியானம் வெயிலில் கரையில் இழுத்துப் போட்டால் கொஞ்சம் காற்றைத் திறந்துவிட்டு, தண்ணீரில் இறக்கியபின் மறுபடி அடிக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் யோசித்துக்கொண்டே இருக்கிறேன். கித்துல்கல நாட்டிலேயே மழை கூடின இடங்களில் ஒன்று. ஈரக் காற்றில் பசை பூசினால், பசையிலுள்ள திரவம் பறக்கும்போது மேற்பரப்பு குளிர்ந்து, கண்ணுக்குத் தெரியாத ஈரம் படியும். அதன் மேல் எந்த விலை கூடின பசையும் பிடிக்காது. டச் பேயில் நடந்ததும் அதுதான். அவசரத்துக்கு ஆற்றங்கரையில் ஒரு ஒட்டுப் போடலாம், ஆனால் அதை நம்பி அடுத்த நாள் ஆட்களை ஏற்றக்கூடாது. இங்கே கச்சானில் துணி காய்ந்து சரசரக்கும், ஒட்டு வேலைக்கு இதைவிட நல்ல காற்று இல்லை. அதனால் பெரிய திருத்தம் எதுவென்றாலும் வள்ளத்தைச் சுருட்டி லொறியில் போட்டு இங்கே கொண்டு வாருங்கள். பசை, அரத்தாள், உருளை எல்லாம் என்னிடம் இருக்கின்றன. கூலி என்று பேசினால் எனக்குக் கோபம் வரும்.

மகனிடம் இதையும் சொல். வள்ளத்துக்கு முன்னால் மிதவை அங்கிகளையும் தலைக்கவசங்களையும் வாங்கட்டும். காசு பத்தாவிட்டால் இரண்டு வள்ளத்துக்குப் பதில் ஒன்றோடு தொடங்கட்டும். மேலே மின்நிலையத்தில் தண்ணீர் திறக்கிற நேரத்தை ஒவ்வொரு நாளும் கேட்டறிந்துதான் இறங்க வேண்டும். பெடியன் உன்னை மாதிரி நிதானமானவன், கேட்பான்.

அந்த ஹைப்பலோன் வள்ளம் சரிவந்தால், முதல் ஓட்டத்துக்கு முன் ஒருதரம் நான் கையால் தடவிப் பார்க்க வேண்டும். ஆவணிக்கு முன் கொண்டு வா, அதுவரை கச்சான் இருக்கும். தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வா. ஒட்டின இடத்தை ஒரு நாள் முழுக்கத் தொடாமல் விட வேண்டும், பிறகு காற்று அடித்து இன்னொரு இரவு பார்க்க வேண்டும். மூன்று நாள் தங்குகிற மாதிரி லீவு சொல்லிவிட்டு வா.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி