வரலாற்று நாவல்களில் அரண்மனைக்கு வெளியே வாழ்ந்த பெண்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு பதிப்பில் வரும் வரலாற்றுத் தொடர்கதைகளை விடாமல் படிக்கும் வாசகி நான். அவற்றில் வரும் பெண்கள் பெரும்பாலும் அரசியராகவோ இளவரசியராகவோ, அரண்மனைக்குள் நுழைந்த ஒற்றர்களாகவோ இருக்கிறார்கள். சுவைக்குக் குறைவில்லை, ஆனால் தம் கையால் உழைத்துத் தம் விருப்பப்படி வாழ்ந்த பெண்கள் அக்காலத்தில் இருந்தார்களா என்ற கேள்விக்கு அக்கதைகளில் விடை கிடைப்பதில்லை.

அண்மையில் படித்த ஓர் ஆங்கில வரலாற்று நாவல்தான் எனக்குப் பெகின் பெண்களை அறிமுகப்படுத்தியது. நாவல் சொல்வதில் எவ்வளவு உண்மை என்று தேடிப் படித்தபோது, கற்பனையைவிட வரலாறே வியப்பூட்டுவதாக இருந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து, இன்றைய பெல்ஜியம், நெதர்லாந்து பகுதிகளின் நகரங்களில், திருமணமாகாத பெண்களும் கைம்பெண்களும் ஒன்றுசேர்ந்து வாழத் தொடங்கினர். அவர்கள் பக்தி வாழ்க்கையை மேற்கொண்டாலும் கன்னியாஸ்திரிகள் அல்லர். வாழ்நாள் முழுவதற்குமான சத்தியம் எதையும் அவர்கள் செய்யவில்லை. சொத்தைத் துறக்க வேண்டியதில்லை. மணம் செய்துகொள்ள விரும்பினால் வெளியேறலாம். கம்பளி நூற்றும் துணி நெய்தும், நோயாளிகளைப் பராமரித்தும், சிறுமியருக்குப் பாடம் சொல்லியும் பிழைத்தார்கள். பெரிய குடியிருப்புகளில் மதில், கோயில், மருத்துவ விடுதி எல்லாம் இருந்தன. வசதியுள்ளவள் தனி வீட்டிலும் இல்லாதவள் பொது வீட்டிலும் வாழ்ந்தாள்.

சிலுவைப்போர்களில் ஆண்கள் மடிந்ததால் துணையற்றுப்போன பெண்களே இவர்கள் என்று முன்பு விளக்கம் கூறினர். நெசவுத் தொழில் செழித்த நகரங்கள் கூலி வேலை தந்ததால்தான் பெண்கள் அங்கே திரண்டனர் என்று பிற்கால ஆய்வாளர்கள் காட்டுகின்றனர். தோட்டப்புறத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு இரண்டாவது விளக்கமே பொருத்தமாகப் படுகிறது. ரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய நம் பெண்களுக்கும் கூலி கிடைத்தது. ஆனால் தோட்ட நிர்வாகம் தந்த லயத்து வீடு (வரிசை வீடு) வேலையோடு பிணைக்கப்பட்டிருந்தது, வேலை போனால் வீடும் போயிற்று. பெகின் பெண்ணுக்குக் கூலியோடு, எந்த முதலாளியும் பறிக்க முடியாத கூரையும் இருந்தது.

நாவலாசிரியர்களுக்கு விசாரணையும் தீயும் பிடிக்கும். பெகின் என்று அறியப்பட்ட மார்கெரித் பொரெத், தாம் எழுதிய நூலைக் கைவிட மறுத்ததால் 1310-இல் பாரிஸில் எரிக்கப்பட்டார்; அடுத்த சில ஆண்டுகளில் பிரான்சின் வியென் நகரில் கூடிய திருச்சபைச் சங்கம் பெகின் வாழ்க்கையையே கண்டித்தது. இவை கதைக்கு ஏற்ற நிகழ்ச்சிகள்தான். எனினும் அந்தக் கண்டனத்திற்குப் பிறகும் இப்பெண்கள் எழுநூறு ஆண்டுகள் நீடித்ததே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. கடைசிப் பெகினாகக் கருதப்படும் மார்செல்லா பட்டின் 2013-இல்தான் காலமானார். 1998-இல் யுனெஸ்கோ, பெல்ஜியத்திலுள்ள 13 பெகின் குடியிருப்புகளை உலக மரபுச் சின்னங்களாக அறிவித்தது.

நம் மண்ணில் இப்படி எதுவும் இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். கழுகுமலைச் சமணக் கல்வெட்டுகளில் குரத்தியர் என்னும் பெண் ஆசிரியர்களின் பெயர்கள் இருக்கின்றன. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ஆடல் பணிக்காக இராஜராஜன் கொண்டுவந்த தளிச்சேரிப் பெண்கள் நானூற்றுவருக்கும் ஆளுக்கொரு வீடும், ஆண்டுக்கு நூறு கலம் நெல் வரும் பங்கும் அளிக்கப்பட்டதைக் கல்வெட்டு பெயர் பெயராகச் சொல்கிறது. அவர்கள் அரசன் ஆணையால் குடியேற்றப்பட்டவர்கள். ஆகவே பெகின் பெண்களுக்கு நேர் இணையாகச் சொல்ல முடியாது. குரத்தியரைப் பற்றியோ பெயரளவுக்கு மேல் பெரும்பாலோர் அறியோம். எழுத்தாளருக்குக் கற்பனை செய்ய இடம் இருப்பது அங்கேதானே?

தங்களிடம் வேண்டுவது இரண்டு. கல்வெட்டு அறிந்தவர்களைக் கொண்டு குரத்தியரையும் தளிச்சேரிப் பெண்களையும் பற்றிச் சில கட்டுரைகள் வெளியிட வேண்டும். அடுத்த தொடர்கதைக்கு எழுத்தாளரை அழைக்கும்போது, இளவரசிக்குப் பதிலாக அத்தகைய ஒருத்தியைக் கதைத்தலைவியாக்கும்படி கேட்டுப் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சுங்கை சிப்புட், பேராக்