சுடுகாட்டுப் பூ தந்த மருந்து

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குழந்தைக்கு ரத்தப் புற்றுநோய் என்றதும் இன்றும் பலர் நம்பிக்கை இழந்துவிடுகிறார்கள். 1948இல் சிட்னி ஃபார்பர் என்ற அமெரிக்க மருத்துவர், அமினோப்டெரின் மருந்தால் நோய் சில காலம் அடங்குவதைக் காட்டினார். அப்புறம் வந்த வின்கிரிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து, நித்தியகல்யாணியிலிருந்து கிடைத்தது. சுடுகாட்டுப் பூ என்று நாம் ஒதுக்கும் அதே செடிதான்!

இன்று பணக்கார நாடுகளில் புற்றுநோய் வந்த குழந்தைகளில் 80 சதவீதத்துக்கு மேல் பிழைக்கிறார்கள். ஏழை நாடுகளில் 30 சதவீதம்கூட இல்லை. ரத்தப் புற்றுநோய் சிகிச்சையோ பெரும்பாலும் இரண்டு, மூன்று ஆண்டுகள் நீளும். பஸ் செலவுக்கும் தங்குமிடத்துக்கும் வழியில்லாமல் பாதியில் ஊர் திரும்பும் குடும்பங்கள் உண்டு.

நோயாளிகள் குறைவு என்பதால் மருந்து நிறுவனங்களுக்கு இதில் லாபமும் குறைவு. எனவே, குழந்தைப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கென்று அரசு பட்ஜெட்டில் தனி நிதி ஒதுக்க வேண்டும். பயணச் செலவையும் அதிலேயே சேர்க்கலாம்.

— ஒரு வாசகர், தஞ்சாவூர்